சுவரை நக்கிய ஆடுகள்

போன மாதம் பக்கத்து வீட்டுக் குட்டிநாயைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். முப்பது வருடம் நான் கம்பவுண்டராக நின்ற அதே மருந்து ஜன்னல்தான். இப்போது அங்கே நிற்கிற தம்பி நல்ல சுறுசுறுப்பு. நாய்க்கு வயது கேட்டார், எடை போட்டார், டப்பாவைத் திருப்பி அதில் அச்சடித்திருந்ததைப் படித்தார், பூச்சி மாத்திரையைக் கையில் கொடுத்தார்.

“என்ன தின்னுதுன்னு கேக்கலையே தம்பி?” என்றேன்.

“டப்பாவுல அது போடலையே பெரியவரே” என்று சிரித்தார்.

அவர் செய்ததில் தப்பில்லை. அந்த மாத்திரைக்கு அந்தக் கேள்வி தேவைப்படாமல்கூட இருக்கலாம். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பாவில் போடாத ஒரு சங்கதிக்காக ராயபுரத்துக்கும் எர்ணாவூருக்கும் நாங்கள் அலைந்த அலைச்சல் அப்படியே கண்முன் வந்துவிட்டது. நான் யார் என்று தெரிந்ததும் தம்பி விடவில்லை. ஊழியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆகவே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது முதல் யுத்தத்துக்கு முன்னால். பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குடுவை கழுவினேன், கொட்டைப்பாக்கு இடித்தேன், உதை வாங்கினேன். நாய்க்கு நாடாப்புழு என்றால் கொட்டைப்பாக்குத் தூள். ஆட்டுக்குக் குடற்புழு என்றால் மயில்துத்தம் கரைத்த நீர். குதிரைக்கு டர்ப்பன்டைனும் ஆளிவிதை எண்ணெயும். இந்த மூன்றின் வாசனையும் கலந்து என் கையில் ஏறிக்கொண்டதால், கல்யாணமான புதிதில் என் மனைவி எனக்குச் சோறு போட்டுவிட்டு நாலு அடி தள்ளி உட்கார்ந்துகொள்வாள்.

அந்த நாளில் மருந்தைவிட அதை ஊற்றுகிற விதம்தான் அதிக ஆடுகளைக் கொன்றது. ஜனங்கள் மூங்கில் குழாயை வாயில் செருகி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, மூஞ்சியை வானத்தைப் பார்க்கத் தூக்கிக் கடகடவென்று ஊற்றுவார்கள். நாக்கைப் பிடித்துக்கொண்டால் எது எப்படி விழுங்கும்? மருந்து நேரே நுரையீரலுக்குப் போகும். நாலைந்து நாள் இருமிவிட்டு ஆடு செத்துப்போகும். “பூச்சி முத்திப்போச்சு” என்பார்கள். மூக்கு கண்ணுக்கு மேலே போகக்கூடாது, கொஞ்சம் ஊற்றி விழுங்கும்வரை பொறுக்க வேண்டும், இருமினால் உடனே தலையைக் கீழே விட்டுவிட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டியிருக்கிறது.

டாக்டர் சுந்தர ராவ் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தபோது நான் அங்கே பழம் பெருச்சாளி. அவர் ஒல்லியாக, உயரமாக இருப்பார். சட்டைப் பொத்தான் ஒன்று விடாமல் போட்டிருப்பார். வெயிலோ மழையோ கையில் குடை உண்டு. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் புத்தகத் தமிழ். யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் மாட்டையோ ஆட்டையோ ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். “முதலில் தொட்டியைக் காட்டுங்கள்” என்பார். தீனித் தொட்டிக்குள் கையை விட்டுக் கிளறுவார், எடுத்து முகர்வார், சில சமயம் ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வார். மாட்டுக்காரன் முழிப்பான். எனக்கும் முதலில் இவர் கொஞ்சம் அப்படி இப்படியோ என்றுதான் தோன்றியது.

அந்த எண்ணத்தை மாற்றியது ஜட்கா கரீம் பாயின் குதிரை. ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் வாழை இலையில் எதையோ பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“டாக்டர் சாப், பாருங்கோ! சாணில நீட்டு நீட்டா பூச்சி கீது. துரை மருந்து ஒண்ணு குட்து என் குதிரய காப்பாத்துங்கோ.”

இலையில் வெள்ளையாக, நூல் நூலாக இருந்தது. நான் டர்ப்பன்டைன் பாட்டிலை எடுக்கப் போய்விட்டேன். டாக்டர் என்னை நிறுத்தி, குடையை எடுத்துக்கொண்டு லாயத்துக்கு நடந்தார். தொட்டியில் கொள்ளும் உமியும். கிளறினார். துறைமுகத்தில் மூட்டை பிரியும்போது சிந்துகிற கொள்ளைக் கரீம் பாய் மலிவாக வாங்கிப் போடுவது வழக்கம். அதில் சாக்கின் சணல் நார் கற்றை கற்றையாகக் கிடந்தது. டாக்டர் இலையில் இருந்த ‘பூச்சி’யை எடுத்துக் கழுவி, தீக்குச்சி கிழித்துக் கொளுத்திக் காட்டினார். கோணி கருகுகிற வாசனை லாயம் முழுக்க அடித்தது.

“பாய், உம் குதிரைக்குப் பூச்சி இல்லை. அது கோணி சாப்பிட்டிருக்கிறது.”

கரீம் பாய் வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் டாக்டரிடம் வண்டிக்கூலி வாங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். நானோ கொஞ்சம் யோசனையோடு திரும்பினேன். இல்லாத பூச்சிக்கு அந்தக் குதிரை டர்ப்பன்டைன் குடித்திருக்கும். அன்றிலிருந்து டாக்டர் தொட்டிக்குள் கையை விட்டால் நானும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் ஒரு சுவாரசியம் பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டின் தொட்டியைப் பார்த்தால் அந்த வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இனி அந்தப் புது மருந்தின் கதை. அப்போது மேய்ச்சல் ஆடுகளுக்கு ஈரலில் தட்டைப்புழு அதிகம். கால்வாய்க் கரையில் ஈரப்புல்லைத் தின்கிற ஆட்டுக்கு வரும். ரத்தம் சுண்டிக் கண் வெளுக்கும். தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை கட்டித் தொங்கும். துத்த நீர் குடலில் உள்ள புழுவைத்தான் தள்ளும், ஈரலில் இருப்பதைத் தொடாது. அதற்கு ஒரு மருந்து வந்துவிட்டது என்றார்கள். கார்பன் டெட்ராகுளோரைடு. எங்கள் வாயில் நுழையாததால் கார்பன் மருந்து. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். தித்திப்பான ஒரு வாசனை, அதிகம் முகர்ந்தால் தலை சுற்றும். துணியில் எண்ணெய்க் கறை எடுக்கவும் இதைத்தான் பயன்படுத்துவார்கள் என்று டாக்டர் சொன்னார். கறை எடுக்கிற மருந்து ஈரலில் போய் என்ன செய்யும் என்று எனக்கு அப்போதே ஒரு குறுகுறுப்பு.

அதைக் கொடுக்கும் முறையில் டாக்டர் கறாராக இருந்தார். கண்ணால் எடை மதிக்கவே கூடாது. ராயபுரம் கூட்ஸ் ஷெட்டிலிருந்து பழைய தராசு ஒன்றைக் கடன் வாங்கி, சாக்கில் தொட்டில் கட்டி, ஆட்டைப் படுக்கவைத்து எடை போட்டோம். “என்ன முனுசாமி, ஆட்டுக்கு டிக்கெட் எடுக்கறியா, லக்கேஜ் போடறியா?” என்று கூட்ஸ் கிளார்க் கிண்டல் பண்ணினார். சினை ஆட்டுக்குக் கிடையாது. மருந்தை அளந்து உடம்பில் ஊறாத லிக்விட் பாரஃபின் எண்ணெயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். வீட்டுக்குப் போய் விளக்கெண்ணெய் கொடுக்கக் கூடாது. இதுதான் ஜனங்களுக்குப் புரியாத இடம். பூச்சி மருந்து கொடுத்தால் மறுநாள் பேதிக்கு விளக்கெண்ணெய் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் கன்றுக்கும் ஒரே சட்டம். இந்த மருந்து விளக்கெண்ணெயோடு சேர்ந்தால் உடம்பில் ஊறிவிடும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, அதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்து அனுப்பினோம்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே முகாம் வைத்து மருந்து ஊற்றுவதென்று தண்டோரா போட்டோம். காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, வடக்கே எர்ணாவூர்வரை ஆடுகள் வந்து குவிந்தன. திருவொற்றியூர் சாலையில் டிராம் மணி அடித்து மாளவில்லை. சாயந்திரம் கை கழுவும்போது டாக்டரும் நானும் திருப்தியாக இருந்தோம்.

அடுத்தடுத்த நாட்களில் சாவுச் செய்தி வர ஆரம்பித்தது.

முதலில் வந்தவள் பிலோமினா. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தாள். புருஷன் சேவியர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அடுக்கி வைத்த மூட்டை அட்டி சரிந்து கால் முறிந்து, அது சரியாகச் சேராமல் வீட்டோடு கிடந்தான். ஒன்பது வெள்ளாடுகள்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு. தாய்ப்பால் போதாத குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஆட்டுப்பால் ஊற்றுவாள். மொத்தத்தையும் ஓட்டிவர முடியாமல் முகாமுக்கு மூன்றை மட்டும் கொண்டுவந்திருந்தாள். மூன்றும் போய்விட்டன.

“அண்ணாத்தே, இன்னா ஊத்துனீங்க? நல்லா துன்னுக்கினு இருந்த ஆடு. ஊத்துனப்புறம் வாய தொறக்கல. பல்ல நறநறன்னு கடிச்சிது, காலு பின்னிக்கிச்சு, வுழுந்துச்சு. மிச்சம் ஆறு கீது. அதுல அஞ்சுக்கு தாடை தொங்குது. இப்போ நான் இன்னா பண்ணட்டும், சொல்லு.”

எண்ணெய் கொடுத்தாயா என்றேன். “கோயில் மேல சத்தியமா இல்ல” என்றாள். நான் நம்பினேன். அழுகிறவள் பொய் சொல்லலாம், ஆனால் அவள் அழவில்லை. கோபத்தில் நின்றாள்.

டாக்டர் செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தார். நுரையீரல் சுத்தமாக இருந்தது. அப்பாடா, ஊற்றியதில் தப்பில்லை என்று மனசுக்குள் மூச்சு விட்டேன். அடுத்து ஈரலை எடுத்தார். வெளுத்து மஞ்சள் பாய்ந்து, விரல் பட்டால் பொடிகிற பதத்தில் இருந்தது. பித்தக் குழாயைக் கீறினார். தட்டைப்புழுக்கள் சுருண்டு செத்துக் கிடந்தன. மருந்து தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மிச்சம் ஆறு ஆட்டின் கதி என்ன? மருந்து கொடுக்காவிட்டால் புழு தின்றுவிடும். கொடுத்தால் மருந்தே தின்றுவிடும். அந்தச் சந்தில் பிலோமினா ஒருத்திதான் என்றில்லை. துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் இன்னும் பல ஆடுகள் செத்திருந்தன. பாதிக்குமேல் பால் கறக்கிற ஆடுகள். டாக்டர் மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தராசை மறுபடி எடைக்கல் வைத்துச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும், கொண்டுவந்த டப்பா திறக்காமலே திரும்பிப் போனது.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எர்ணாவூரிலிருந்து வந்தவன் எவனும் சண்டைக்கு வரவில்லை. அந்தப் பக்கத்து ஆடுகளும் இதே பாட்டிலில்தான் குடித்தன. இதே தராசு, இதே என் கை.

“செத்திருந்தா சும்மா இருப்பாங்களா சார்? சங்கைப் பிடிச்சிருப்பாங்க” என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “வண்டியைக் கூப்பிடும்” என்றார்.

கரீம் பாயின் ஜட்காவில் வடக்கே போனோம். எர்ணாவூரில் கால்வாயை ஒட்டிச் சுண்ணாம்புக் காளவாய்கள் உண்டு. உப்புநீர் ஏரியிலிருந்து படகில் வருகிற கிளிஞ்சலை அங்கே சுட்டு நீற்றுவார்கள். மரம், கூரை, மனிதன் என்று எல்லாவற்றின் மேலும் வெள்ளைப்பொடி படிந்திருக்கும். காளவாயில் வேலை செய்கிற கன்னியப்பன் முகாமுக்குப் பதினைந்து ஆடுகள் ஓட்டிவந்தவன். பதினைந்தும் எங்கள் எதிரிலேயே குதித்துக்கொண்டிருந்தன. தாடைப் பை வற்றிவிட்டது.

“முதலில் தொட்டியைக் காட்டு” என்றார் டாக்டர்.

“தொட்டியா? ஆட்டுக்கு இன்னாத்துக்கு சார் தொட்டி? பூண்டு, தழ, முள்ளுன்னு அதுங்களே மேஞ்சிக்கினு வந்துடும்.”

டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. தொட்டி இல்லாத இடத்தில் எதைக் கிளறுவது? குடையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார். நான் ஆடுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து ஆடுகள் பழைய காளவாய்ச் சுவரோரம் வரிசையாக நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தன.

“அதுங்க என்ன பண்ணுதுங்க கன்னியப்பா?”

“அந்தப் பேஜார ஏன் கேக்குற நைனா. செவுத்த நக்கிக்கினே கெடக்கும். அடிச்சி வெரட்னாலும் போவாது. கிளிஞ்ச தூளு கொட்டி வெச்சா அதையும் நக்கும்.”

டாக்டர் விறுவிறுவென்று சுவரருகே போனார். குடையை என் கையில் கொடுத்தார். ஆட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, அது நக்கிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். கரீம் பாய் வண்டியிலிருந்து இறங்கி வந்து, “சாப்புக்கு உடம்பு சரியில்லியா?” என்று என் காதில் கேட்டார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. ஆனால் டாக்டர் திரும்பியபோது முகத்தில் வெளிச்சம் இருந்தது.

“பிலோமினாவின் தொட்டியை நாம் பார்க்கவில்லை, முனுசாமி” என்றார். “ஆட்டை நாம் போய்ப் பார்க்கவில்லை. அது நம்மிடம் வந்தது. அதனால் தொட்டியை மறந்துபோனேன்.”

நேராக ராயபுரம் சந்துக்கு வண்டியைத் திருப்பினோம். பிலோமினா எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே மறித்து நின்றாள். டாக்டர் தொட்டியைக் கேட்டார். அவளுக்கு அதில் பெருமை உண்டு, அதனால் வழிவிட்டாள்.

“என் ஆடுங்க ராஜா வூட்டு சாப்பாடு துன்னுதுங்க. ஹார்பர்ல சிந்துற அரிசி, கடல, பருப்புப் பொட்டு, எல்லாம் நானே கூட்டியாந்து பொடச்சி, தவிட்டுல கலந்து போடறேன். கால்வாய்க் கரைல சும்மா ரெண்டு வாய் புல்லு. மத்தவங்க மாரி முள்ளு மேய வுடறதில்ல.”

டாக்டர் தவிட்டைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார். பிறகு எனக்கும் அவளுக்கும் சேர்த்துச் சொன்னார். தவிட்டிலும் அரிசியிலும் வயிறு நிறையும், கொழுப்பும் வைக்கும், ஆனால் சுண்ணாம்புச் சத்து இல்லை. இருக்கிற கொஞ்சமும் பாலில் போய்விடுகிறது. எர்ணாவூர் ஆட்டுக்கு அது தழையிலும் சுவரிலும் கிடைக்கிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்த உடம்பில் இந்த மருந்து விஷமாகிறதோ என்னவோ.

“இந்த மருந்துக்கும் சுண்ணாம்புக்கும் என்ன சார் உறவு?” என்றேன்.

“தெரியாது. எனக்கு உறுதியாக ஒன்றும் தெரியாது.”

ஒரு டாக்டர் வாயிலிருந்து, அதுவும் ஆட்டுக்காரியின் முன்னால், இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

கன்னியப்பன் ஒரு சாக்குக் கிளிஞ்சல் தூள் கொடுத்தான். சுடாத பச்சைக் கிளிஞ்சல். சுட்ட சுண்ணாம்பைக் கொடுத்துவிடாதே, வாய் வெந்துவிடும் என்று டாக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னார். தவிட்டைக் குறைத்து அகத்தித் தழையும் முருங்கைத் தழையும் போடச் சொன்னார். கால்வாய்க் கரைப் பக்கமே ஆடு போகக்கூடாது என்றார். இரண்டு வாரத்துக்குமேல் இது நடந்தது. ஆறில் ஐந்து சொன்னபடி தின்றன. ராணி மட்டும் கிளிஞ்சல் தூளைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். கருப்பாக, நெற்றியில் வெள்ளையோடு, அந்தச் சந்திலேயே அதிகம் கறக்கிற ஆடு அதுதான். அதற்கு மட்டும் பிலோமினா தூளைக் கஞ்சியில் கலந்து கையால் ஊட்டினாள். சேவியர், “என்னிக்காவது எனக்கு இப்டி ஊட்டியிருக்கியா?” என்று படுத்தபடியே கேட்டான். அந்த வீட்டில் அந்த நாட்களில் யாராவது சிரித்தார்கள் என்றால் அது அப்போதுதான்.

மருந்து கொடுக்கிற நாள் வந்தது. ஒரு ஆட்டுக்கு மட்டும் முதலில் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு. எழுந்து நிற்கவே முடியாமல் ஒரு கிழ ஆடு இருந்தது, அதைத்தான் சொல்வார் என்று நானும் பிலோமினாவும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் ராணியைக் காட்டினார்.

பிலோமினா ராணிக்கு முன்னால் வந்து நின்றாள். “நல்லா கீறதையா?”

“அம்மா, அந்தக் கிழ ஆடு செத்தால் மருந்தால் செத்ததா, புழுவால் செத்ததா என்று தெரியாது. முகாமில் அதிகம் செத்தது பால் கறக்கிற ஆடு. இது தாங்கினால் மற்ற ஐந்தும் தாங்கும்.”

“அளவையாவது கொஞ்சம் குறைச்சுக்கலாமே சார்” என்றேன்.

“குறைத்தால் புழு சாகாது. ஆடு பிழைத்தாலும், எதனால் பிழைத்தது என்று நமக்குத் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியறதுக்கு என் ஆடா?” என்று கத்தினாள் பிலோமினா. சந்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். “மூணு குட்தேன். அது பத்தாதா? நாளைக்கு இது போச்சுன்னா எத்தினி புள்ளைங்களுக்குப் பாலு இல்ல, தெரியுமா? உங்க வூட்டு ஆடா இருந்தா குடுப்பீங்களா?”

அவள் கேட்டது நியாயம். டாக்டர் சொன்னதும் நியாயம். நடுவில் மருந்தும் கையுமாக நான் நின்றேன். வேலையை விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

உள்ளேயிருந்து சேவியரின் குரல் வந்தது. “பிலோமி, தாடைய தொட்டுப் பாரு. ராணிக்கும் தண்ணி எறங்கியிருக்குது. நானும் ஒரு வாரமா பாத்துக்கினுதான் கீறேன். சொன்னா நீ அழுவேன்னு சொல்லல.”

அவள் குனிந்து ராணியின் தாடைக்குக் கீழே விரலை வைத்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. அப்புறம் ராணியின் முகத்தைத் தானே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஊத்து அண்ணாத்தே” என்றாள். மூக்கு கண்ணுக்கு மேலே போகாமல் அவ்வளவு சரியாகப் பிடித்த கையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ராணி இருமாமல் விழுங்கியது.

அன்று சாயந்திரம் அது தீனியைத் தொடவில்லை. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. மறுநாள் போனபோதும் அப்படியே நின்றது. கண் மட்டும் திறந்திருந்தது. நாலு நாளைக்குப் பாலைக் கறந்து கீழே கொட்டிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தோம். பிலோமினா கறந்து சாக்கடையில் ஊற்றிவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். தெருவில் யாரும் எங்களுக்கு வழிவிடவில்லை. முகாமில் செத்த ஆடுகளும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த ஆடு பிழைக்க வேண்டும் என்று நான் மாதா கோயிலுக்கும் வேண்டிக்கொண்டேன், ஒற்றியூர் வடிவுடையம்மனுக்கும் வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் தூறல். டாக்டர் குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார். குடையில்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் தொட்டிப் பழக்கம் மட்டும் போகவில்லை. தொழுவத்துக்குள் குனிந்து நுழைந்தவர், ஆடு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ராணிக்கென்று தனியே வைத்த தொட்டியண்டை போய் நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். ராத்திரி வைத்த அகத்தித் தழையில் காம்புகூட மிச்சமில்லை. கிளிஞ்சல் தூள் கலந்த கஞ்சியும் இல்லை. தொட்டி மரம் நக்கி நக்கி ஈரமாக இருந்தது. டாக்டர் அந்த ஈரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, சாணியும் சகதியுமாகக் கிடந்த அந்தத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மற்ற ஐந்தும் பின்னால் அதே மருந்தைக் குடித்தன, ஒன்றும் போகவில்லை. அந்தக் கிழ ஆடுகூட இரண்டு ஈற்று ஈன்றது. சுண்ணாம்புச் சங்கதியை வேறு ஊர்களில் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அதெல்லாம் பிற்பாடு. அந்தக் காலையில் நான் மறக்காதது, பால் சொம்போடு பின்னால் வந்து நின்ற பிலோமினா போட்ட அதட்டல்தான்.

“தொட்டியையே பாத்துக்கினு கீறீங்களே டாக்டரய்யா, ஆட்ட பாருங்க! எந்திரிச்சி நின்னு உங்களையே பாக்குது!”

டாக்டர் தலையைத் திருப்பவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்தேன்.

“பார்த்துவிட்டேன் அம்மா” என்றார். “இங்கேயே பார்த்துவிட்டேன்.”